திதி எழுதாத கல்வெட்டு

மன்னார்,
2025 பெப்ரவரி 12.

அன்பு மகள் நிருஷாவுக்கு,

இன்று எனக்கு எழுபத்து நான்கு வயது, மூன்று மாதம், ஒன்பது நாள். இதைக் கடிதத்தின் தலையிலேயே எழுதக் காரணம் உண்டு. கீழே வரப்போவதை வாசித்துவிட்டு, அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று நீயும் மருமகன் பிரசாந்தனும் முடிவு கட்டிவிடக்கூடாது. எனக்குக் கணக்கு இன்னும் பிழைக்கவில்லை.

உன் தில்லைநாதன் மாமா நலமாக இருக்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை அவர் இறக்கவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அன்று உயிலங்குளத்தில் அண்ணனின் வயலில் அறுவடை. நானும் போயிருந்தேன். என் தொலைபேசி வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. அண்ணனுடையது முதல்நாளே வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது. முற்பகலில் வவுனியாவிலிருந்து தனஞ்சயன், அதுதான் காலஞ்சென்ற சின்னண்ணனின் மகன், ஒரு வான் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினான். கையில் மலர்வளையம். இருவர் ஒரு பெரிய பதாகையை விரித்துப் பிடித்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகளின் கீழே அண்ணனின் படம். வான் கதவு முழுதாகத் திறக்கப்படும் முன்னரே பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணன் சேற்றுக் காலோடு வரப்பில் ஏறி வந்தார்.

"ஆரடா செத்தது?"

தனஞ்சயன் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அண்ணன் பதாகைக்கு அருகே போய்க் கூர்ந்து பார்த்தார்.

"டேய், இது என்ர படமெல்லோ! இதில நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிக்கிறன். வேற படம் கிடைக்கேல்லையோ?"

"பெரியப்பா... நிருஷா அக்காதான் எங்கட குடும்பக் குறூப்பில போட்டவ..."

"அவ போட்டா நான் செத்துப்போகோணுமோ? சரி, வந்தது வந்திட்டியள். இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சாப்பிட்டார்கள். ஒப்பாரி தொடங்கியவர்களுள் ஒருத்தி மட்டும், பாதியில் விடுவது சரியில்லை என்று அதை முடித்துவிட்டே கை கழுவ எழுந்தாள். மாலையில் நான் வீடு திரும்பியபோது ரொறன்ரோவும் பாரிசும் இலண்டனும் என் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தன. மறுநாள் அந்தத் தொலைபேசியை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். "ஓம், நான்தான் கதைக்கிறன்," என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். "இல்லை, இன்னும் இல்லை."

இனி விடயத்துக்கு வருகிறேன். பதாகையில் படத்தின் கீழே ஒரு வெண்பா இருந்தது. அது நான் எழுதியது. அண்ணன் மார்கழியில் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார்: "செத்து முப்பத்தொண்டாம் நாள் குடுக்கிற கல்வெட்டை நான் இருக்கேக்கையே எழுதித் தா, கனகம்மா. செத்தாப் பிறகு நீ என்ன எழுதுவியெண்டு எனக்குத் தெரியும். நான் பாத்துத் திருத்தோணும்." ஆகவே அந்த நினைவுப் பாட்டுப் புத்தகத்தை எழுதத் தொடங்கினேன். என் கணினியில் மட்டும். அச்செடுக்கவில்லை, எவருக்கும் அனுப்பவில்லை, அண்ணனுக்குக்கூட இன்னும் காட்டவில்லை. இறந்த நாளைக் கூறும் திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், திதி மூன்றுக்கும் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தேன். தனஞ்சயன் அந்தப் புள்ளிகளையும் சேர்த்து அழகாக அச்சடித்திருக்கிறான். பல்கலைக்கழகம் வரை படித்த நீ, திதியே இல்லாத ஒரு சாவை எப்படி நம்பினாய் என்பது தனிக் கேள்வி. அதைப் பிறகு கேட்பேன்.

முதற் கேள்வி இது. என் கணினிக்குள் உனக்கு ஒரு வழி இருக்கிறது. எப்போதிருந்து?

பதிலைத் தபாலில் அனுப்பு. தொலைபேசியில் நீ அழுவாய். அழுகைக்கு என்னால் பதில் எழுத முடியாது. கணினியை மூடி, அதன்மேல் மேசைவிரிப்பைப் போட்டிருக்கிறேன்.

பதாகை வீணாகவில்லை. நல்ல தடித்த சீலை. உன் மாமாவின் முகத்தில் இப்போது நெல் காய்கிறது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
அம்மா.


ஒஸ்லோ,
2025 மார்ச் 5.

என் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டபோது துள்ளிக் குதிக்காத குறை. உள்ளே வாசித்தபோது காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது. பிரசாந்தனோ சிரித்த சிரிப்பில் கதிரையிலிருந்து விழப் பார்த்தார். "அந்தக் கண்மூடின படத்தை அனுப்பினது நீர்தானே?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓம், நான்தான்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "ஒண்டுக்கும் யோசியாத பிள்ளை," என்றார். "ஆர் ஆர் அழுவினமெண்டு எனக்கெல்லோ தெரிஞ்சிட்டுது. ரெண்டு பேர் அழேல்லை. அவையை நான் மறக்கமாட்டன்." அந்த இரண்டு பேர் யாரென்று கேட்டேன், சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியுமோ?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இருக்கிறது அம்மா. முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் நீங்கள் குளியலறையில் விழுந்தீர்கள். அதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு றுமைஸா மாமி, கையில் கட்டு அவிழ்த்த பிறகு, வாய்தவறிச் சொன்னார். அதற்குப் பிறகு நான் வந்தபோது வாங்கித் தந்த கணினியில்தான் அதைப் போட்டேன். இங்கே இருந்தபடி உங்கள் திரையைப் பார்க்கலாம், கோப்புகளைத் திறக்கலாம். சத்தியமாக, எப்போதாவதுதான் பார்ப்பேன். நேற்று நீங்கள் எதையாவது தட்டெழுதியிருந்தால் நேற்று நீங்கள் நலம். அவ்வளவுதான் எனக்குத் தேவை. உங்கள் நன்மைக்காகச் செய்தது. உங்களிடம் மறைக்கத்தான் என்ன இருக்கிறது? கணக்குப் புதிரும் பாட்டும்தானே.

அன்றைக்குக் கல்வெட்டைக் கண்டேன். உங்களுக்கு அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மாமாவுக்கு அழைத்தேன், அவரும் எடுக்கவில்லை. உண்மைதான் என்று நினைத்து, பாட்டையும் படத்தையும் குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டேன். புள்ளிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாமாவின் பெயரைக் கண்ட பிறகு எனக்கு எழுத்தே தெரியவில்லை அம்மா.

ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கோ. நான் தொலைபேசி எடுத்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "எப்பிடி இருக்கிறீங்கள்?" "இருக்கிறன்." "சாப்பிட்டீங்களோ?" "சாப்பிடாமல் இருப்பனோ?" "என்ன புதினம்?" "இஞ்ச என்ன புதினம். வெய்யில்." இவ்வளவுதான். இருபது வருடமாக இவ்வளவுதான். எனக்கு அம்மாவைப் பற்றி அறிய வேறு வழி எது?

வேலையிலும் தலையிடி. எங்கள் நிறுவனம் செய்வது இயங்குதளம், அதாவது கணினியையும் தொலைபேசியையும் உள்ளிருந்து ஓட்டும் அடிப்படை மென்பொருள். நாங்கள் விற்கும் நாடுகளுள் ஒன்றின் அரசாங்கம் (பெயர் சொல்ல எனக்கு அனுமதியில்லை) அதற்குள் ஒரு மறைவான வழி வைத்துத் தரச் சொல்கிறது. பாவிப்பவருக்குத் தெரியாமல் அவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். மக்களின் நன்மைக்காகவாம். எப்போதாவதுதான் திறப்பார்களாம், அதுவும் நீதிமன்றக் கட்டளையோடு. நல்லவர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கையொப்பமிட வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த மாதக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசப்போகிறேன். 'எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வைத்தாலும், வீட்டுக்காரருக்குத் தெரியாத வாசல் திருட்டு வாசல்தான்' என்று தொடங்குகிறேன். வசனம் எப்படி?

மேசைவிரிப்பை எடுங்கோ அம்மா. உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பயத்தோடும் அன்போடும்,
நிருஷா.


மன்னார்,
2025 மார்ச் 22.

மகளுக்கு,

வசனம் மிக நன்று. இரண்டு முறை வாசித்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, அதை யார் யாருக்கு எழுதியிருக்கிறார் என்று மறுபடி பார்த்தேன்.

அந்த அரசாங்கத்தின் பெயர் எனக்குத் தேவையில்லை. அதன் நியாயங்களை உன் கடிதத்தின் முதற் பக்கத்திலேயே நீ எனக்குச் சொல்லிவிட்டாய். என் நன்மைக்காக. எப்போதாவது மட்டும். மறைக்க என்ன இருக்கிறது. ஒரேயொரு வேறுபாடு உண்டு. அவர்கள் நீதிமன்றக் கட்டளையாவது பெறுவார்களாம்.

இது இந்த மண்ணுக்குப் புதிதன்று. போர்க் காலத்தில் இந்த வீட்டில் எத்தனை பேர் உறங்குகிறோம் என்று இராணுவத்துக்கு எழுதிக் கொடுத்து, குடும்பமாக நின்று எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுத்து வைத்திருந்தோம். விருந்தாளி வந்தால் அதற்கும் பதிவு. எல்லாம் எங்கள் பாதுகாப்புக்கென்றே சொல்லப்பட்டது. அந்தப் படத்தில் நீ இரட்டைப் பின்னலோடு கமராவை முறைத்தபடி நிற்கிறாய். படம் பிடித்தவன் "பிள்ளை, கொஞ்சம் சிரிக்கட்டும்" என்றான். நீ சிரிக்கவில்லை. அந்த முறைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை எங்கே தொலைத்தாய்?

கூட்டத்தில் பேசும்போது உனக்கு உதவக்கூடிய ஒரு செய்தி சொல்கிறேன். எனக்கும் றுமைஸாவுக்கும் நடுவே உள்ள கிடுகு வேலியில் சென்ற ஆனியில் ஒரு பொட்டு வைத்தோம். ஒழுங்கையால் சுற்றி வராமல் குனிந்து நுழைந்து வர ஒரு சிறு வழி. அவள் கேட்டாள், நான் சம்மதித்தேன். இரண்டு பக்கமும் அறிந்து வைத்த வழி. உன்னுடையதை விட உத்தமமானது. அப்படியிருந்தும் என்ன நடந்தது? ஒரு காலை நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து றுமைஸாவின் குரல்:

"ரீச்சர், உங்கட குசினிக்குள்ள ஒரு கழுதை நிக்குது. நீங்க கூப்பிட்டீங்களா?"

"நான் ஏன் கழுதையைக் கூப்பிடுறன்?"

"இல்ல, உங்களுக்குப் படிச்ச ஆக்கள்தான் வாறது. அதான் கேட்டேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். மன்னார் வீதிகளை அளந்து திரியும் அந்தச் சாம்பல் நிறக் கழுதைகளுள் ஒன்று, தோசைக்கு ஊறப்போட்ட உழுந்தை ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டு நின்றது. என்னைக் கண்டு அது வெட்கப்படவில்லை. பொட்டு வழியாக வந்திருக்கிறது. றுமைஸாவுக்கென்று வைத்த வழிக்கு றுமைஸாவைத் தெரியாது. குனியத் தெரிந்த எதையும் அது உள்ளே விடும். அன்றே அடைத்தோம். இப்போது றுமைஸா ஒழுங்கையால் சுற்றி வந்து படலைக் கதவைத் தட்டுகிறாள். நட்பு குறையவில்லை. தட்டும் சத்தத்தில்தான் கொஞ்சம் அதிகாரம்.

நான் உனக்கு ஒன்றும் சொல்வதில்லை என்கிறாய். உண்மை. வெகுகாலம் வகுப்பறையில் பேசியவளுக்கு வீட்டில் பேச அலுப்பு. ஆனால் ஒன்றை யோசி. நீ பார்த்துக்கொண்டிருக்கும் வரை நான் உனக்கு எதைச் சொன்னாலும் அது புதினமாகாது, வாக்குமூலமாகும்.

ஆகவே அந்த வழி இருக்கும் வரை மேசைவிரிப்பு எடுபடாது. கணினி இல்லாமல் நம் முகங்களைப் பார்த்துக் கதைப்பதும் இல்லை. அது எனக்கும் இழப்பு. இதை இரண்டாவது தடவை எழுதமாட்டேன்.

அண்ணனின் கல்வெட்டைக் கையால் எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். "குணத்தைப் பற்றி ரெண்டு பாட்டுக் காணும், உழவு மெசினைப் பற்றி ஒண்டுமில்லையே?" என்று குறைப்பட்டார். இப்போது உழவு இயந்திரத்தை வெண்பாவுக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஏற மறுக்கிறது. அழாத அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்தானாம். நான் அவருக்கு அருகே நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை நியாயமாக ஏற்க மறுக்கிறார்.

அம்மா.


ஒஸ்லோ,
2025 ஏப்ரல் 14.

அம்மாவுக்குப் புத்தாண்டு வாழ்த்து,

உங்கள் கடிதம் கூட்டத்துக்கு முதல்நாள் கிடைத்தது. இரவு முழுக்க உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். அது அரசாங்கம், நான் மகள்; அது அதிகாரம், இது அன்பு. இப்படி நிறையச் சொன்னேன். நீங்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கூட்டத்தில் எழுந்து அந்த முதல் வசனத்தை வாசித்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு, "எனக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கிறது. என் அம்மாவின் கணினியில்," என்றேன். மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். மாமா செத்த கதையைச் சொன்னேன். புள்ளி வைத்த திதியை, பதாகையை, மலர்வளையத்தோடு வந்தவர்கள் சோறு சாப்பிட்டதை எல்லாம் சொன்னேன். ஒளிந்து பார்ப்பவருக்கு எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. நான் ஒரு குடும்பத்தைத்தான் அழவைத்தேன், இவர்கள் அப்படிப் பார்த்து ஆட்களைச் சிறையில் போடுவார்கள் என்றேன்.

பிறகு கழுதையைச் சொன்னேன். மன்னாரில் கழுதைகள் வீதியில் சுதந்திரமாகத் திரியும் என்பதை நம்பவைக்கவே நேரம் போய்விட்டது. எங்கள் பிரிவுத் தலைவி, என்றைக்கும் சிரிக்காத மனுசி, பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "உழுந்து முழுவதையும் சாப்பிட்டதா?" "முழுவதையும்," என்றேன். உண்மைதானே?

ஒருவரும் கையொப்பமிடவில்லை அம்மா. ஒருவரும்! நிறுவனம் 'முடியாது' என்று பதில் அனுப்பிவிட்டது. அவர்கள் வேறு பெயரில் திரும்ப வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். இப்போது அலுவலகத்தில் அந்தக் கோரிக்கைக்குக் 'கழுதை' என்றே பெயர். நோர்வேக்காரர் தமிழில் 'கழுதை' என்று சொல்வதை நீங்கள் கேட்கவேண்டும்.

இனி உங்கள் கணினி. இங்கிருந்தே நான் அந்த வழியை நீக்கியிருக்கலாம். ஆனால் நீக்கிவிட்டேன் என்று நான் சொன்னால், நீங்கள் என் வாயைத்தான் நம்பவேண்டும். உங்களிடம் நம்பிக்கை கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆகவே நீங்களே நீக்குங்கோ. எந்த இடத்தில் எதைத் தேடுவது, எதை அழிப்பது, அழிந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கடைசியில் புதுக் கடவுச்சொல் வையுங்கோ. எனக்குச் சொல்லாதீங்கோ. என் பிறந்தநாளை வைக்காதீங்கோ, அதை நான் முதலில் ஊகிப்பேன்.

பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பயம் எனக்கு இருக்கத்தான் போகிறது. நீங்கள் 'இருக்கிறன்' என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்வேன்.

இந்த முறை தட்டிக்கொண்டு வெளியே நிற்கும்,
நிருஷா.


மன்னார்,
2025 மே 3.

என் அன்பு மகளுக்கு,

உன் தாளைப் பின்பற்றி வேலையை முடித்தேன். றுமைஸா வாசித்தாள், நான் செய்தேன். 'இதை நிச்சயமாக நீக்க விரும்புகிறீர்களா?' என்று கணினி கேட்டது. "பாருங்க ரீச்சர், உங்கட மகளை விட மரியாதை தெரிஞ்ச மெசின்," என்றாள் றுமைஸா. நீக்கினேன். நீ சொன்னபடி சரிபார்த்தேன். பிறகு நீ சொல்லாத இரண்டு இடங்களிலும் சரிபார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. நீ ஒளிக்கவில்லை என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே பதிந்து வைக்கிறேன். கடவுச்சொல் உன் பிறந்தநாள் அல்ல. உன் மாமா 'இறந்த' நாளும் அல்ல.

உழுந்து முழுவதும் போய்விட்டது. உன் தலைவியிடம் சொல். கூட்டத்தில் நீ தாளை மடித்து வைத்த இடத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ர சாவால ஒரு அரசாங்கத்தையே நிப்பாட்டிப்போட்டம்," என்று உயிலங்குளம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். அதையும் கல்வெட்டில் சேர்க்கவேண்டுமாம்.

உன் கடிதத்தின் கடைசிப் பந்தியை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். நீ இனி எட்டிப்பார்க்க மாட்டாய், கேட்கவும் மாட்டாய். ஆகவே நானாகச் சொல்கிறேன். உட்கார்ந்து வாசி. பயப்படு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. நிறுத்தச் சொல்லாதே.

வருகிற ஆவணியோடு மூன்று வருடமாகிறது. நான் கடலில் நீந்துகிறேன்.

எழுபத்தொரு வயதில் தொடங்கினேன். அதுவரை கடல் எனக்குக் கரையிலிருந்து பார்க்கும் ஒரு பரப்பு மட்டுமே. றுமைஸா அரிப்புக் கிராமத்துக் கடற்கரையில் பிறந்தவள். நடக்க முன்னரே நீந்தியவள் என்று பெருமை பேசுவாள். ஒருநாள் "எங்கே, காட்டு பார்ப்போம்," என்றேன். காட்டினாள். பிறகு என்னை இழுத்தாள். வாடைக் காலம் தவிர, அவள் விடியற்காலைச் சுபஹ் தொழுகையை முடித்து வந்து படலையைத் தட்டியதும், இருவரும் நீளச் சட்டையும் காற்சட்டையுமாக ஒழுங்கை முடியும் கரைக்குப் போவோம். முதல் மாதம் முழுவதும் உப்புத் தண்ணீர் குடித்தேன். "ரீச்சர், தண்ணியோட சண்டை புடிக்காதீங்க," என்று என் முதுகின் கீழே கையைப் பிடித்தபடி கத்துவாள். "அது உங்கட வகுப்புப் புள்ளை இல்ல, வெளியே நிப்பாட்ட." ஒரு காலை அந்தக் கையை அவள் எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன். நான் எவருக்கும் ஆசிரியையாகவோ தாயாகவோ விதவையாகவோ இல்லாமல், மிதக்கும் ஒரு பொருளாக மட்டும் இருந்தேன். சிரித்தேன், அதனால் மறுபடி தண்ணீர் குடித்தேன்.

உனக்குச் சொல்லியிருந்தால் நீ அடுத்த விமானத்தில் வந்து நிறுத்தியிருப்பாய். ஆகவே "இஞ்ச என்ன புதினம், வெய்யில்" என்றேன்.

விடியும் நேரத்தில் வலை எடுத்துத் திரும்பும் கிறகரியின் படகு நேரே எங்களை நோக்கித்தான் வரும். எங்கள் இரண்டு தலைகளும் தெரியும் தூரம் வந்ததும் அது திரும்பி, வெகுதூரம் சுற்றிக் கரை சேரும். மற்றப் படகுகளும் அப்படியே. அப்படிச் சுற்றிப் போகும்படி எவரும் அவர்களிடம் கேட்டதில்லை. சென்ற கிழமை சந்தையில் மீன் வாங்கும்போது கிறகரியிடமே கேட்டேன்: "ஏன் தம்பி, விடியக் காலமை அவ்வளவு தூரம் சுத்திப் போறீர்? எண்ணெய் வீண்தானே?"

அவர் நிமிரவில்லை. பாரை மீனைத் துண்டு போட்டபடி சொன்னார்: "எந்தப் பக்கம் ரீச்சர்? நான் அங்க ஒண்டையும் காணேல்லையே."

அன்புடன்,
அம்மா.